மஞ்சள் வைத்த கோட்டு

கோட்டின் வலது கை என்னிடம் இருந்தது. இடது கை இன்னொருவரிடம் இருந்தது.

ஊட்டி மார்க்கெட்டுக்கு வெளியே, நடைபாதையில் விரித்த தார்ப்பாயில், இடுப்புயரத்துக்குப் பழைய கம்பளித் துணி குவிந்து கிடந்தது. மழை ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்த மதியம். இந்தப் பக்கத்திலிருந்து நான் குனிந்து ஒரு கையைப் பிடித்து உருவினால், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதே கோட்டை உருவுகிறார். பாசிப் பச்சை நிறம், மீன்முள் நெசவு, முழங்கையில் தோல் ஒட்டு. அப்படி ஒரு கோட்டு அந்தக் குவியலுக்கு வருவது அபூர்வம்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே நிமிர்ந்து பார்ப்பது மரியாதை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

“ஏனுங்க, நாந்தானுங்க மொதல்ல புடிச்சேன்” என்றார் அந்தப் பக்கத்துக்காரர்.

பேசிவிட்டார். வெளியூர் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவரும் இழுத்தார். எங்கேயோ தையல் முனகியது.

“ரெண்டு பேரு இழுத்தா ரெண்டு கோட்டாயிருங்களா?” என்றார் கடைக்காரர், ஸ்டூலை விட்டு எழாமலேயே. “யாராச்சும் ஒருத்தர் உடுங்க சாமி.”

நான்தான் விட்டேன். கோட்டு குவியலுக்கு மேலாகப் பறந்து அவர் மார்பில் போய் விழுந்தது. அந்த ஒரு நொடி, ஊர் வழக்கத்தை மீறி, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். மங்கி குல்லாய்க்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்ற மீசை. அதற்கு மேலே வெற்றிக் களிப்பு.

கடைக்காரர் என் மேல் இரக்கப்பட்டு ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து நீட்டினார். அதுவும் நல்ல கோட்டுதான். ஆனால் தோற்றவனுடைய கோட்டு.

தேதியைப் பற்றி

இந்தத் தொடரை வாரந்தோறும் வாசிக்கிறவர்களுக்கு நான் தேதியில் கண்டிப்பானவன் என்பது தெரியும். மஞ்சூர்ப் பேருந்து தடம் மாறிய மாதத்தைப் பற்றி வாசகர் ஒருவருக்கும் எனக்கும் இன்னும் கடிதப் போர் நடந்துகொண்டிருக்கிறது. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆனாலும் இந்த அத்தியாயத்துக்குத் தேதி கிடையாது. என் மனைவி சரசுவின் உத்தரவு. “தேதியப் போட்டீங்கன்னா சொந்தக்காரங்க அத்தன பேரும் யாரு ஊட்டு விசேசம்னு கண்டுபுடிச்சிருவாங்க” என்கிறாள். பெயர்களையும் மாற்றச் சொல்லிவிட்டாள். ஆகவே, பெருந்தொற்று முடிந்து ஊர் மூச்சுவிடத் தொடங்கிய பிறகு வந்த ஒரு குளிர்காலம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். இவ்வளவு மங்கலாக நான் எதையும் எழுதியதில்லை. கை கூசுகிறது.

குவியல் மரியாதை

ஊட்டியில் பழைய கம்பளித் துணி விற்கும் குவியலுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. அங்கே யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

நான் மஞ்சூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில், விடுமுறை நாளொன்றில் என் மேலதிகாரியும் நானும் ஒரே குவியலில் தோளோடு தோள் இடித்தபடி நெடுநேரம் துழாவிக்கொண்டிருந்தோம். என் காலை மிதித்துவிட்டு, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். “நல்லா இருக்குங்க சார்” என்றேன். “மச்சான் வெளிநாட்டுலிருந்து அனுப்புனாரு” என்றார். அந்த ஸ்வெட்டரை முந்தின நாள் நான் எடுத்து, கழுத்து இறுக்கம் என்று திரும்பப் போட்டிருந்தேன்.

சமவெளியிலிருந்து மேலே வந்த எங்களுக்குத்தான் இந்த வெட்கமெல்லாம். பிக்கட்டிப் பக்கத்துப் படகர் இனப் பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை, அதன்மேல் எந்தத் தேசத்துக் கனவானோ போட்டுக் கழித்த உயர்ந்த கோட்டு. அந்த உடுப்பில் அவர்கள் மஞ்சூர்ப் பேருந்தில் ஏறினால் நடத்துநர் தானாகவே இடம் பிடித்துத் தருவார்.

இந்த மலையில் பழைய கோட்டின் வரலாறு நீண்டது. தோட்டத்துத் துரைமார்கள் ஊருக்குக் கப்பலேறும்போது கட்டில், மேசை, சீனாப் பீங்கான், கோட்டு எல்லாவற்றையும் ஏலம் விட்டுப் போவார்களாம். பட்லரும் தலைமைக் குமாஸ்தாவும் பங்கு போட்டுக்கொள்வார்களாம். தோட்டத்துக் குமாஸ்தாக்களின் பழைய குழுப் புகைப்படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்காவது கோட்டுக் கை சரியான நீளத்தில் இருந்ததில்லை. அந்த ஆராய்ச்சியை வேறொரு சமயம் வைத்துக்கொள்கிறேன். தலைப்பைவிட்டு விலகக் கூடாது என்கிறாள் மனைவி.

புதுசுக்குத்தான் மஞ்சள்

சரசு பிறந்தது கோபிச்செட்டிபாளையம். அந்தப் பக்கத்தில் புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் துளி மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் உடுத்துவார்கள். கைக்குட்டைக்குக்கூட உண்டு. அடுத்தவர் போட்ட துணி என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது.

“எவன் போட்டதோ, எந்தச் சீக்குல கெடந்தவனோ” என்பாள். “செத்தவன் சட்டையா இருந்தா? அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“அவனுக்கு நம்ம ஊரு வழி தெரியாது சரசு.”

“நக்கலு வேண்டாமுங்க.”

எனக்கோ குளிர் ஆகாது. புதுக்கடைகளில் விற்கிற கோட்டு கண்ணாடியில் பார்த்தால் சூடாக இருக்கிறது, வெளியே வந்தால் காற்று முதுகு வரைக்கும் விசாரித்துவிட்டுப் போகிறது. குவியல் கோட்டு அப்படியில்லை. பனி கொட்டுகிற தேசத்துக்காரன் தன் உயிருக்குப் பயந்து தைத்தது.

ஆகவே கல்யாணமான நாளிலிருந்து என்னுடைய எல்லாக் கோட்டுகளும் குன்னூரில் ஒரு சினேகிதன் கடையிலிருந்து வந்தவை. அப்படி ஒரு சினேகிதனும் இல்லை, கடையும் இல்லை. வாங்கியதும் அதை, ஊட்டியில் எங்கள் பகுதியான காந்தலில் எங்களுக்குத் துணி வெளுக்கிறவரிடம் கொடுத்து, வாரக்கணக்கில் கொடியில் ஆறப்போட்டு, அந்த வாசனை போன பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

அந்த வாசனை ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும். கப்பலில் மூட்டையாகக் கட்டி வந்த துணியில் பாச்சை உருண்டையும் ஈரச் சாக்கும் வேறு ஏதோ ஒரு மருந்தும் சேர்ந்து அடிக்கும். பேருந்தில் யாராவது புதிதாக வாங்கியதைப் போட்டிருந்தால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், பழைய கோட்டின் முழங்கை விட்டுப்போனது. “அதப் போட்டுட்டு அவங்க முன்னாடி உக்காராதீங்க. உங்க சினேகிதன் கடையில புதுசா ஒண்ணு வாங்கியாங்க” என்று சரசு அனுப்பினாள். நான் குவியலுக்குப் போனேன். சாம்பல் கோட்டோடு திரும்பினேன். ஆறப்போட நேரமில்லை. கழுத்துப் பட்டைக்குள் முகப் பவுடரைக் கொட்டித் தட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் சரசு குளித்துவிட்டு வந்து அந்தப் பட்டையின் உள்பக்கம் பயபக்தியோடு மஞ்சள் தடவினாள். கடல் கடந்து வந்த கோட்டு, பேசாமல் வாங்கிக்கொண்டது.

மீசை வருகிறது

நித்யா குன்னூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையன் கவின் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஜாதகம் தரகர் மூலமாக முறைப்படித்தான் வந்தது. ஆனால் இருவரும் ஒரே பேருந்தில் போய்வருகிறவர்கள் என்பதையும், தரகருக்கு எங்கள் விலாசத்தைக் கொடுத்ததே பையன்தான் என்பதையும் நித்யா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

“இது அமையலைன்னா இன்னொருத்தர் முன்னாடி நான் காப்பித் தட்டைத் தூக்கிட்டு வர மாட்டேன்பா” என்றும் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அம்மா வழி.

பையனின் அப்பா பழனிச்சாமி, அன்னூரில் பெரிய பாத்திரக்கடை. அம்மா ராஜாமணி. முந்தின நாளே மேலே வந்து ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். நான் அதுவரை பையனின் புகைப்படத்தைத்தான் பார்த்திருந்தேன்.

காந்தலில் எங்கள் வீட்டுக்குப் படியேற வேண்டும். சாரலில் நனைந்துகொண்டு முதலில் ஏறி வந்தது மீசை. அதைத் தொடர்ந்து பாசிப் பச்சை, மீன்முள் நெசவு, முழங்கையில் தோல் ஒட்டு.

நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

“உங்கள எங்கயோ பாத்தாப்புல…” என்று தொடங்கினார்.

“இல்லீங்க” என்றேன் உடனே. “பாத்திருக்க முடியாதுங்க.”

அவர் என் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் கோட்டைப் பார்த்தார். மனிதர் வியாபாரி, ஒரே நாளில் குவியல் மரியாதையைக் கற்றுக்கொண்டார். “ஆமாங்க, பாத்திருக்க முடியாது” என்றார்.

ராஜாமணியும் கவினும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள். பழனிச்சாமி உட்காரும்போது அவருடைய கழுத்துப் பட்டை மடங்கியது. உள்பக்கம் மஞ்சள்.

ஹீட்டர்

சரசு நல்ல மனசுக்காரி. விருந்தாளிகள் நனைந்து வந்திருக்கிறார்களே என்று உள்ளே இருந்த ஹீட்டரைத் தூக்கி வந்து, எனக்கும் பழனிச்சாமிக்கும் நடுவில் வைத்துப் போட்டுவிட்டாள்.

ஈரமான குவியல் கோட்டு, குளிரில் இருக்கும்வரை யோக்கியமாக இருக்கும். சூடு பட்டால் தன் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரண்டு கோட்டுகள் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தன.

முதலில் ராஜாமணியின் மூக்கு சுருங்கியது. முந்தின நாள் மார்க்கெட் பக்கம் போனபோது, “என்ன கண்ணு இப்படி நாறுது?” என்று மகனிடம் கேட்டு, அவன் விளக்கமும் சொல்லியிருக்கிறான். பிறகு சரசுவின் மூக்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏனுங்க, இங்க ஒரு நிமிசம் வாங்க” என்று சரசு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“தோட்டம் நல்லா இருக்குதுங்க, பாருங்க” என்று ராஜாமணி தன் கணவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்தில் அப்போது இருந்தது பூச்சி அரித்த முட்டைக்கோஸ் மட்டும்.

சமையலறை ஜன்னல்

சமையலறை ஜன்னல் முட்டைக்கோஸ் பக்கம் திறக்கும். ஆகவே இரண்டு பேச்சும் எனக்குக் கேட்டன.

“அவுரு கோட்டு செகண்ட் ஹேண்டுங்க” என்றாள் சரசு, குரலை அடக்கி. “பெரிய கடைன்னு சொன்னாங்க. சம்பந்தம் பேச வாரப்ப ஒரு புதுக் கோட்டு எடுக்க வக்கில்லாதவரா? கடை நொடிச்சுப் போச்சோ என்னவோ. மூடி மறைக்கறாங்க. எனக்கு வேண்டாமுங்க.”

வெளியே ராஜாமணி சொன்னது: “அந்தண்ணன் கோட்டு நாறுதுங்க. பொண்ணுப் பாக்க வாரவங்களுக்கு முன்னாடியே பழசப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு நம்ம பையனுக்கு என்ன மருவாதி குடுப்பாங்க? காப்பிய மட்டும் குடிச்சுப்போட்டுக் கெளம்பீரலாம்.”

ஜன்னல் வழியாக நானும் பழனிச்சாமியும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பெண்களும் தங்கள் கணவன் கோட்டுக்குத் தாங்களே மஞ்சள் வைத்தவர்கள். நாற்றம் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

உள்ளறைக் கதவிடுக்கில் நித்யா நின்றிருந்தாள். புதுப் பட்டுப் புடவை, தலையில் பூ. “என்னாச்சுப்பா?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு குன்னூர் சினேகிதனைக் காப்பாற்றிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

பழி எனக்கு

கூடத்தில் எல்லோரும் மீண்டும் உட்கார்ந்தோம். ராஜாமணி ஏற்கெனவே கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“ஒரு வாசன வருதுங்களே, அது என்ற கோட்டுல இருந்துதானுங்க வருது. நேத்து நடைபாதையில வாங்குனது.”

 கவின் வாயருகே கொண்டுபோன பஜ்ஜியை அப்படியே வைத்திருந்தான்.

நான் சரசுவைப் பார்க்கவே பயந்தேன். பார்த்தால், அவள் கண் கலங்கியிருந்தது. கோபமில்லை, பெருமை. விருந்தாளியின் மானம் போகக்கூடாது என்று பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறாரே மனுசன் என்ற பெருமை. அத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“இல்லீங்க” என்று எழுந்தார் பழனிச்சாமி. “அவுரு பெரிய மனசுல சொல்றாரு. நாறுறது என்ற கோட்டுங்க. நானும் நேத்து அங்கதான் வாங்குனேன்.”

இப்போது ராஜாமணியின் கண் கலங்கியது.

“உங்களதில்லீங்க, என்ற கோட்டு.”

“அட, சொன்னாக் கேளுங்க, என்ற கோட்டுதானுங்க.”

ஓட்டலில் பில்லுக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் போல நாங்கள் மாறி மாறிப் பறித்துக்கொண்டோம். உண்மையை அவ்வளவு உரக்கச் சொல்லியும் எங்கள் மனைவிமார் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. நிலைமை முன்பைவிட மோசமானது. இவ்வளவு பாடுபட்டு மறைக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்தக் குடும்பம் எவ்வளவு நொடித்திருக்க வேண்டும் என்ற இரக்கம் இரண்டு முகங்களிலும் ஏறிக்கொண்டே போனது. இரக்கப்படுகிற வீட்டில் யாரும் சம்பந்தம் செய்வதில்லை.

காப்பித் தட்டோடு நித்யா உள்ளே வந்தாள். இரண்டடி வைத்தாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள்.

“அப்பா, கோட்டக் கழட்டுங்க. மாமா, நீங்களும்.”

“அம்மணி, அது வந்து…”

“கழட்டுங்க மாமா.”

கழற்றினோம். பாசிப் பச்சையை ராஜாமணி மடியிலும் சாம்பலைச் சரசு மடியிலும் போட்டாள். “அவங்கவங்க வீட்டுக்காரர் கோட்ட அவங்கவங்க மோந்து பாருங்க” என்றாள்.

சரசு பட்டையைப் புரட்டி மஞ்சள் இருந்த இடத்தில் மூக்கை வைத்தாள். வைத்தது வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். எதிரே ராஜாமணியும் அப்படியே இருந்தார். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் முகர்வதுபோல இரண்டு பேரும் கோட்டு முகர்ந்த காட்சியை நான் மறக்க மாட்டேன்.

முதலில் தலை நிமிர்ந்தவர் ராஜாமணி. “உங்களுதுலயும் மஞ்சளுங்களா அக்கா?”

“காத்தாலதானுங்க வெச்சேன். சாமி முன்னாடி.”

“நானும் லாட்ஜுல, சாமி படம் இல்லீன்னு காலண்டருக்கு முன்னாடி வெச்சனுங்க” என்றார் ராஜாமணி. “உங்களுக்கு எந்தக் கடைன்னு சொன்னாரு?”

“குன்னூர்ல சினேகிதன் கடைன்னாரு. எங்க கல்யாணத்துலிருந்து அந்தக் கடதான். உங்களுக்கு?”

“பெரிய ஷோரூம், உள்ள செருப்புப் போட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சொன்னாருங்க. இவரு செருப்பக் கழட்டி வெச்சுட்டு உள்ள போனாராமா.”

நான் பழனிச்சாமியை மரியாதையோடு பார்த்தேன். அந்த நுணுக்கம் எனக்குத் தோன்றியதில்லை.

“அப்ப இத்தன வருசமா எத்தன பேரு கோட்டுக்கு நான் மஞ்ச வெச்சிருக்கேன்?” என்று சரசு என்னிடம் கேட்டாள். அது பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை. ராஜாமணி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “உடுங்க அக்கா. எல்லாம் ஒரே சாதி. இவுருகிட்ட நான் பட்டதச் சொல்றேன் கேளுங்க” என்றார்.

கைப்பை தரையில் இறங்கியது. நித்யா கவினைப் பார்த்தாள். கவின் பஜ்ஜியைக் கடித்தான்.

வாசலில்

கோட்டுகள் வெளியே கொடிக்குப் போயின. சாரலில் போட்டால் காயாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “காயறதுக்கா போட்டோம்?” என்றாள் சரசு. “நீங்களும் கொஞ்ச நேரம் அங்கயே உக்காருங்க. நாங்க பேசோணும்.”

வாசல் பெஞ்சில் நானும் பழனிச்சாமியும் சட்டையோடு உட்கார்ந்தோம். பனி எங்கள் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே சிரிப்புச் சத்தம். எங்களைப் பற்றித்தான். நடுநடுவே வைகாசி, ஆவணி, மண்டபம், நல்ல முகூர்த்தம் என்றும் காதில் விழுந்தது. ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் ஒரு தேதி என்னைக் கேட்காமல் முடிவானது அதுதான் முதல் தடவை.

“முடிஞ்சாப்புலதானுங்களே சம்பந்தி?” என்றார் பழனிச்சாமி, பல் அடித்துக்கொள்ள.

“முடிஞ்சாப்புலதான்.”

கதவு திறந்தது. நித்யா வந்தாள். இரண்டு டம்ளர் காப்பி, ஒரே ஒரு கம்பளிப் போர்வை. “அம்மாவும் அத்தையும் குடுத்தாங்க” என்றாள். அத்தை என்று அவள் சொன்னதைக் கேட்டு நான் காப்பியைச் சிந்திவிட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போர்வை புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறையைக்கூட அப்போதுதான் பிரித்திருந்தார்கள். ஓரத்தில் ஈரம் உலராத மஞ்சள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். பழகாத கம்பளி, கழுத்தில் முள்ளாகக் குத்தியது. குளிர் ஒரு பக்கமாக உள்ளே வந்து மறுபக்கமாக வெளியே போனது.

“நெம்ப நல்லா இருக்குதுங்க” என்று பழனிச்சாமி உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

நானும் சொன்னேன்.